பதினோராம் அதிகாரம்

1922 ஜனவரி 9, திங்கள்

பத்தாம் அதிகாரம் சனிக்கிழமையே தபாலில் போய்விட்டது. மதுரை அச்சுக்கூடத்துக்காரர் இதுவரை போனதில் ஐந்து அதிகாரத்துக்கு எழுத்துக் கோத்தாயிற்று என்று கடிதம் போட்டிருக்கிறார். மேலே 'நாவலாசிரியர் காசிராஜன் அவர்களுக்கு' என்று எழுதியிருக்கிறார். இரண்டு தரம் படித்தேன். பொய் எதற்கு, ஐந்து தரம் படித்தேன்.

போடிநாயக்கனூரில் ஏலக்காயில் பெரிய ஆள் ஆனவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். நாவல் எழுதினவன் நான் ஒருவன்தான். மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்கிற வாத்தியாருக்கு இவ்வளவு தலைக்கனம் ஆகாது என்கிறாள் என் வீட்டுக்காரி பாண்டியம்மாள். இருக்கட்டுமே! வேறு எதற்குத்தான் தலை இருக்கிறது?

புத்தகத்தின் பெயர் 'வீரண்ணன் சரித்திரம் அல்லது மலையை வென்ற குடும்பம்'. வீரண்ணன் என்பது காலம்சென்ற என் அப்பா தவசிதான். ஆட்களின் பெயரை எல்லாம் மாற்றிவிட்டேன், மலையின் பெயரை மாற்ற மனம் வரவில்லை. சிலமலை என்ற ஊரில் வெறுங்கையோடு நின்ற ஒரு மனிதர் மலையேறி ஏலத்தோட்டம் போட்டு, இறங்கி வந்து நஞ்சை வாங்கின கதை. முதல் பக்கத்தில் 'இந்நூலின் அபிமானி' என்று சித்தப்பா கன்னையனின் படம் வரும். அதற்காகவே அவர் மதுரைக்குப் போய், தலையில் புது உருமால் கட்டிப் படம் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். எட்டு நாளாகச் சிலமலையில் அதே பேச்சாம்.

ஜனவரி 11, புதன்

பதினோராம் அதிகாரம். சுமைதாங்கி. பேனா நிற்க மாட்டேன் என்கிறது.

ஜனவரி 13, வெள்ளி

முடித்தேன். இந்தப் புத்தகத்திலேயே இதுதான் சிகரம். அச்சில் பார்த்தால் நானே நம்ப மாட்டேன்.

போடிமெட்டுப் பாதையில் அடிவாரத்து முந்தலைத் தாண்டி ஏறினால், இரண்டாவது திருப்பத்தில் எங்கள் சுமைதாங்கி நிற்கிறது. இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு பலகைக் கல். தலைச்சுமையோடு வருகிறவன் யாரையும் கைகொடுக்கக் கூப்பிடாமல், நின்றபடியே அதன்மேல் சுமையைத் தள்ளி வைத்து, நின்றபடியே திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். அப்பா வைத்த கல். ஏழைச் சுமைக்காரர்களுக்குத் தவசி செய்த தர்மம் என்று சின்ன வயசிலிருந்து கேட்டு வளர்ந்திருக்கிறேன். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நெஞ்சு ஒரு விரற்கடை முன்னால் போகும்.

ஜனவரி 15, ஞாயிறு

இன்று மத்தியானம் வழக்கம்போல் வீட்டில் படித்துக் காட்டினேன். பாண்டியம்மாள், பக்கத்து வீட்டு மருதாயி, என்னைப் பெற்ற ஆத்தா. ஆத்தா மடியில் சுளகை வைத்து ஏலக்காய் பொறுக்கிக்கொண்டே கேட்பாள். வெடித்த காயைத் தனியே தள்ளுவாள். என் வாக்கியம் பிடிக்காவிட்டாலும் ஒரு காயைத் தள்ளுவாள், அது நல்ல காயாக இருந்தாலும். போன வாரம் சூரியோதய வருணனைக்கு மட்டும் ஏழு காய் போயிற்று. நான் எழுதுவதற்கு அவள் வைத்திருக்கிற பெயர் "காகிதத்தக் கெடுக்குற சோலி".

இன்று ஒரு காயும் தள்ளவில்லை. நான் உற்சாகமாகிக் குரலை ஏற்றினேன். "கருணையே உருவெடுத்த வீரண்ணன், பாரம் சுமக்கும் ஏழைகள் படும் பாட்டைக் கண்டு கண்ணீர் உகுத்து, அவர்தம் துயர் துடைக்க அக்கல்லை நாட்டினான்" என்று படித்தேன். மருதாயி மூக்கை உறிஞ்சினாள். அடுத்தது என் பால்ய ஞாபகம்: "என் தாயோ, அவ்வேற்றத்தில் களைத்து, இடுப்பிலிருந்த என்னை அக்கல்லின்மேல் இறக்கி வைத்துப் பெருமூச்செறிந்து நிற்பாள்."

ஆத்தா எழுந்தாள். சுளகை அப்படியே தரையில் வைத்தாள். கொல்லைப் பக்கம் போய்விட்டாள். பாதி பொறுக்கின காய் சாயங்காலம் வரை அங்கேயே கிடந்தது.

என்ன சொல்லிவிட்டேன்?

ஜனவரி 16, திங்கள்

பதினொன்றைத் தபாலில் சேர்த்துவிட்டேன். ஆத்தா பேசவில்லை.

ஜனவரி 18, புதன்

இன்னும் பேசவில்லை. சோறு வைக்கிறாள், குழம்பு ஊற்றுகிறாள், என் முகத்தை மட்டும் பார்ப்பதில்லை. "என்ன ஆத்தா, ஒடம்புக்குச் சொகமில்லையா?" என்றால் பாண்டியம்மாளிடம் திரும்பி, "ஒம் புருசன் மோர் கேக்குறான் போல, ஊத்து" என்கிறாள்.

அப்பாவை உயர்த்தி எழுதியதில் பொறாமையா? அவளைப் பற்றி ஒரு அதிகாரம்கூட இல்லை என்ற கோபமா? இருக்கலாம். ஆனால் கதை மலையை வென்ற மனிதனைப் பற்றியது. கூடவே நடந்தவர்களுக்கெல்லாம் ஒவ்வொரு அதிகாரம் எழுத முடியுமா? எனக்கும் கோபம் வரும். வந்துவிட்டது.

ஜனவரி 21, சனி

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

புத்தகத்தின் கடைசியில் ஒரு குறிப்பாகச் சேர்க்கக் கல்லின் அகலம் நீளம் எல்லாம் அளந்து வரலாம் என்று காலையிலேயே முந்தலுக்குப் போய் மேலே ஏறினேன். சுமைதாங்கி அடியில் மொக்கச்சாமி உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அறுபது வருஷமாக இந்தப் பாதையில் சுமை தூக்குகிறவர். அப்பாவுக்குக் கூட்டாளி. நான் நூலைப் பிடித்துக் கல்லை அளப்பதைப் பார்த்து, "என்னப்பு, கல்லுக்குச் சட்டை தைக்கப் போறியா?" என்றார்.

நாவலைச் சொன்னேன். அப்பாவின் தர்மத்தைச் சொன்னேன். கண்ணீர் உகுத்ததைக்கூடச் சொல்லிவிட்டேன். மனிதர் வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வாத்தியாரு வேலை பாக்குறே. சுமைதாங்கிய எதுக்கு வைப்பாகன்னு ஒனக்குத் தெரியாதா?"

"தெரியுமே. சுமைக்காரனுக்கு."

"வயித்துப் புள்ளையோட செத்தவளுக்குடா. அவ எறக்காமப் போன பாரத்த எறக்கி வைக்கத்தான் கல்லு. எந்த ஊர்ல போயிக் கேட்டாலும் சொல்லுவான்."

தெரியும்! எனக்கே தெரியும். தேவாரம் போகிற வழியில் உள்ள கல் யாருக்கு வைத்தது என்று கேட்டால் நானே பெயரோடு சொல்வேன். ஊரில் உள்ள கல்லெல்லாம் செத்துப்போன ஒரு பெண்ணுக்கு வைத்தது, எங்கள் கல் மட்டும் தர்மத்துக்கு வைத்தது என்று முப்பத்தெட்டு வருஷம் நம்பியிருக்கிறேன். என்ன திமிர் பாருங்கள்! நாலு காணி நஞ்சை வந்தால் இந்தக் குருட்டுத்தனமும் கூடவே வந்துவிடும் போலிருக்கிறது.

"இது யாருக்கு வச்ச கல்லு?" என்று கேட்டேன்.

"ஒங்காத்தாகிட்டக் கேளு. நாஞ் சொல்லக் கூடாது" என்று சும்மாட்டை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். போகும்போது திரும்பிப் பார்த்து, "கண்ணீரு வடிச்சாராம்ல, கண்ணீரு" என்று சிரித்துக்கொண்டே இறங்கினார்.

ஜனவரி 22, ஞாயிறு

கேட்டேன்.

காலையில் அடுப்படியில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். எதிரே போய் உட்கார்ந்து, "சுமைதாங்கி யாருக்கு ஆத்தா?" என்றேன். ஒரு வாரமாகப் பார்க்காத முகத்தை இப்போது நேராகப் பார்த்தாள். கல்லைப் பற்றித்தான் பேசப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் ஆரம்பித்தது வேறு.

"நான் என்னைக்குடா களைச்சேன்?"

எனக்கு விளங்கவில்லை.

"களைச்சு ஒன்னைய எறக்கி வச்சேன்னு எழுதிருக்கேல்ல? ஒம்பது வருசம் இந்த மலைய ஏறி எறங்கிருக்கேன். தலையில மூடை, இடுப்புல நீயி. ஒத்த நாளு, இந்த வேலுத்தாய் களைச்சு நின்னான்னு எவனையாச்சும் சொல்லச் சொல்லு பாப்போம். நாலு பேரு முன்னாடி படிக்கிறான், ஆத்தா பெருமூச்சு விட்டாளாம்!"

ஆத்தா கூலிக்குச் சுமை தூக்கினாள் என்பதே எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். அப்பாவோடு தோட்டத்துக்குப் போய் வருவாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

"பெறகு எதுக்கு என்னைய அதுமேல எறக்கி வச்சே?"

"எங்கக்கா கையில குடுத்தேன்."

அப்புறம் சொன்னாள். அவள் சொன்னபடியே இங்கே எழுதி வைக்கிறேன், நான் ஒரு வார்த்தையும் அழகுபடுத்தப் போவதில்லை.

"எனக்கு மூத்தவ கருத்தம்மா. ஒங்கப்பாவுக்கு அவதான் மொதத் தாரம். தாது வருசப் பஞ்சத்துல கீழ ஒண்ணும் வெளையல. மேல தோட்டத்துக்கு மூடை தூக்குனா கூலிய அரிசியாவே குடுத்தாக. ரெண்டு பேரும் ஏறுனாக. ஒஞ் சித்தப்பன் கன்னையன் அப்ப நாலு வயசு, தாயில்லாப் புள்ள. அவனையும் இடுப்புல வச்சுக்கிட்டுத்தான் ஏறுவா. வயித்துல எட்டு மாசம். வேணாம்டின்னு சொன்னோம். இந்தப் பயலுக்கு யாரு கஞ்சி ஊத்துவான்னு கேட்டா. அந்தத் திருப்பத்துல அவளுக்கு நோவு கண்டுருச்சு. முன்னாடி போனவுக போயிட்டாக, ஒங்கப்பா பின்னாடி தூரத்துல வந்துக்கிட்டு இருக்காரு. சுமைய எறக்கிவிட ஒரு கை இல்ல. தானா எறக்கப் போயி, மூடையோட சாஞ்சு—"

கீரையைக் கொஞ்ச நேரம் உருவினாள்.

"ஒங்கப்பா வந்து பாக்கும்போது கன்னையன் மூடை மேல உக்காந்து அழுதுக்கிட்டு இருந்தானாம். அவ போயிட்டா. ரெண்டு உசுரும் போயிருச்சு. ஆறு மாசங் கழிச்சு ஒங்கப்பா வீட்டுல இருந்து வந்தாக, சின்னவளக் கட்டிக் குடுங்கன்னு. எனக்குப் பதினஞ்சு வயசு. எங்கய்யா சரின்னுட்டாரு. நாந்தான் வாசல்ல நின்னு சொன்னேன். மொதக் கல்லு, பெறகு தாலி. கல்லு நிக்காம நான் மணையில உக்கார மாட்டேன்னேன்."

"அப்பா என்ன சொன்னாரு?"

"என்ன சொல்லுவாரு? மறுநாளே ஓடையில போயிக் கல்லுத் தேடுனாரு. எட்டுச் சுமைக்காரங்க கூலி வாங்காமத் தூக்கிக் குடுத்தாங்க. மொக்கச்சாமி அதுல ஒருத்தன். பஞ்சத்துல பேரு வெட்ட ஆள் கெடைக்கல. சரி, பெறகு வெட்டிக்கலாம்னாரு. பெறகு அவ பேரச் சொன்னாலே மூணு நாளுச் சோறு திங்க மாட்டாரு. அதனால நானும் சொல்லல. ஊர்ல தர்மக் கல்லுன்னு பேச ஆரம்பிச்சாங்க. நெலம் வந்துச்சு, ஒஞ் சித்தப்பன் பெரிய மனுசன் ஆயிட்டான். அப்பிடியே போயிருச்சு."

அக்காவின் ஒரு கிழிந்த சேலைதான் மிச்சம் இருந்ததாம். அதைச் சுற்றித்தான் ஆத்தா ஒன்பது வருஷம் சும்மாடாக வைத்திருக்கிறாள். "எந் தலைக்கும் சுமைக்கும் நடுவுல அவதான் இருந்தா, அதான் எனக்குக் களைப்பு தெரியல" என்றாள். மலையில் என்னை இடுக்கிக்கொண்டு போகும்போதெல்லாம் கல்மேல் உட்கார வைத்து, அக்காவிடம் ஒரு நாழி கொடுத்துவிட்டு வாங்கிக்கொண்டு போவாளாம். "அவதான் தம் புள்ளையத் தூக்கலையே" என்றாள்.

எனக்கு அந்தக் கல்லின் சூடு ஞாபகம் இருக்கிறது. தொடையில் சுடும். அழுவேன். "ஒம் பெரியாத்தாடா, அழுகக் கூடாது" என்பாள். சாமியைச் சொல்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

முப்பத்தெட்டு வயசு வாத்தியார் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். பாண்டியம்மாள் பார்த்தாள். பார்க்கட்டும்.

ஜனவரி 23, திங்கள்

ஐயோ, பதினோராம் அதிகாரம் அச்சுக்கூடத்தில் இருக்கிறது!

ஜனவரி 26, வியாழன். மதுரை

லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். தேனி வரை மாட்டு வண்டி, அப்புறம் மோட்டார். உடம்பெல்லாம் புழுதி. அச்சுக்கூடத்தில் பதினொன்றைக் கோத்து வைத்திருந்தார்கள், நாளைக்கு மெஷினில் ஏற்றுவதாக இருந்ததாம். கலைத்துவிடுங்கள் என்றேன். அச்சுக்கூடத்துக்காரர் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"நல்லாத்தானே ஐயா இருக்கு? 'கண்ணீர் உகுத்து'ங்கிற இடத்துல நானே கண் கலங்கிட்டேன்."

"அதற்காகத்தான் கலைக்கச் சொல்கிறேன்" என்றேன்.

என் கண் முன்னாலேயே ஒரு பையன் எழுத்துக்களைப் பிரித்து அந்தந்தக் குழியில் போட்டான். 'கருணையே உருவெடுத்த வீரண்ணன்' கால் மணி நேரத்தில் காணாமல் போனான். எவ்வளவு சுலபம்! மாசி கடைசிக்குள் புது அதிகாரம் தராவிட்டால் வேறு வேலையைக் கையில் எடுத்துவிடுவோம் என்றார்கள்.

பிப்ரவரி 1, புதன்

எழுத வரவில்லை. 'அந்தோ' என்று ஆரம்பித்தேன், அடித்தேன். 'விதியின் கொடுமையை என்னென்பேன்' என்றேன், அடித்தேன். ஆத்தா சொன்னதற்குப் பக்கத்தில் என் தமிழ் உருமால் கட்டிப் படத்துக்கு நிற்கிறது.

பிப்ரவரி 4, சனி

அவள் சொன்னதை அவள் வாயிலேயே விட்டுவிட்டேன். வந்துவிட்டது.

பிப்ரவரி 5, ஞாயிறு

எதிர்பார்த்தது நடந்தது. மருதாயி வாய் சும்மா இருக்குமா? சிலமலைக்குச் செய்தி போய், சித்தப்பா வில்வண்டியில் வந்து இறங்கினார். உட்காரக்கூட இல்லை.

"காசி, அந்த அதிகாரத்த மாத்துறியாமே?"

"ஆமா சித்தப்பா."

"ஏண்டா, ஊரு ஒலகமெல்லாம் தர்மவான் குடும்பம்னு சொல்லுது. நீ பொம்பளையக் கூலிச் சுமைக்கு அனுப்பிச் சாகவிட்ட குடும்பம்னு அச்சடிக்கப் போறியா? மொக்கம்மாளுக்கு ராசிங்காபுரத்துல சம்பந்தம் பேசியிருக்கேன். அவுக காதுல விழுந்தா என்னாகும்? ஒந் தங்கச்சி வாழ்க்கைடா."

மொக்கம்மாள் சித்தப்பாவின் மகள்தான், ஆனால் எனக்கு எழுத்துப் பிழை பார்த்துக் கொடுக்கிற பெண். நான் சொல்லிக் கொடுத்தவர்களிலேயே கெட்டிக்காரி.

அப்போது உள்ளேயிருந்து ஆத்தா வந்தாள். கையில் மோர்ச் செம்பு. அதை அவர் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்:

"கன்னையா, நீ மூடை மேல உக்காந்து அழுதேல்ல, ஞாபகம் இருக்கா?"

"மதினி, அதெல்லாம் இப்ப எதுக்கு?"

"ஒனக்குக் கஞ்சி ஊத்தத்தான் அவ ஏறுனா. அந்தக் கூலி அரிசியக் குடிச்ச வாயிடா அது. அவ பேரு வேணாம்னு அந்த வாயால சொல்லு, கேட்டுக்கிறேன்."

சித்தப்பா சொல்லவில்லை. மோரையும் குடிக்கவில்லை. செம்பைக் கீழே வைத்தார், பாதி சிந்திவிட்டது. "எம் படத்த எடுத்துரு. எம் பேரும் வேணாம். இனிமே என் வாசப்படிய மிதிக்காத" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு வண்டி ஏறிவிட்டார்.

எனக்குப் பயமாக இருக்கிறது. அதையும் எழுதிவிடுகிறேன். ஆத்தாவைப் பார்த்துப் பெருமையாகவும் இருக்கிறது. ஐந்தடி இல்லை, என்ன நிமிர்வு!

பிப்ரவரி 8, புதன்

தூக்கமில்லை, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் எரிந்து விழுகிறேன். செத்துப்போனவளுக்கு ஒரு பெயர், இருக்கிறவளுக்கு ஒரு வாழ்க்கை. மொக்கம்மாள் கல்யாணம் நின்றால் அந்தப் பாவம் யாருக்கு? எனக்குத்தானே? உண்மையை எழுதுகிறேன் என்று இதிலும் என் தலைக்கனம்தான் வேலை செய்கிறதா?

ஆத்தாவிடமே கேட்டேன்.

"நீ வேணாம்னா எடுத்துரு அப்பு. நான் ஏன்னு கேக்க மாட்டேன். இத்தன வருசம் இருந்துட்டா, இன்னமும் இருப்பா. ஆனா தர்மக் கல்லுன்னு மட்டும் எழுதாத. அந்தப் பக்கத்த வெறுமனே விட்டுரு."

பிப்ரவரி 9, வியாழன்

வெறும் பக்கம் விட மாட்டேன்.

பிப்ரவரி 12, ஞாயிறு

புது அதிகாரத்தைப் படித்துக் காட்டினேன். மருதாயியையும் கூப்பிட்டேன், ஊருக்குச் சொல்வதானால் சரியாகச் சொல்லட்டும் என்று. வியாழக்கிழமை காலையிலேயே மொக்கம்மாளிடமிருந்து யாருக்கும் தெரியாமல் ஒரு சீட்டு வந்திருந்தது: "அண்ணே, பெரியம்மா பேரில் பிழை வராமல் பார்த்துக்கொள்ளவும்." இந்தப் பெண்ணுக்காகவா நான் பயந்தேன்!

ஆத்தா சுளகோடு உட்கார்ந்தாள். கடைசி வரை கை அசையவில்லை. முடித்ததும், "மூடை எத்தனை படின்னு எழுதிருக்கே?" என்றாள். சொன்னேன். "அதுக்கும் மேல இருக்கும். கொறைக்காத" என்றாள். திருத்தினேன்.

"இன்னொண்ணு. எல்லாரு பேரையும் மாத்திருக்கியாமே. ஒங்கப்பா பேரு, எம் பேரு, எது வேணாலும் மாத்திக்க. அவ பேர மட்டும் மாத்தாத."

கதை முழுக்கக் கற்பனைப் பெயர்கள். நடுவில் ஒரே ஒரு நிஜப் பெயர், கருத்தம்மா. நாவல் இலக்கணத்துக்குச் சரியா என்று தெரியவில்லை. போடியில் நாவல் இலக்கணத்துக்கு அதிகாரி நான்தான். சரி என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 13, திங்கள்

தபாலில் சேர்த்தாயிற்று. 'மலையை வென்ற குடும்பம்' என்பதை அடித்து, 'மூவர் சுமந்த மலை' என்று எழுதிக் கொடுத்தேன். வென்றதாவது!

மார்ச் 22, புதன்

அச்சுப் பிழை திருத்தத் தாள்கள் வந்தன. கருத்தம்மா என்ற பெயர் பதினாலு இடத்தில். ஒன்றிலும் பிழையில்லை. சித்தப்பா படம் வர வேண்டிய பக்கம் வெள்ளையாக இருக்கிறது.

ஏப்ரல் 16, ஞாயிறு

ராசிங்காபுரத்திலிருந்து மாப்பிள்ளையின் தகப்பனார் ராஜாராம் வீட்டுக்கே வந்துவிட்டார். வாசலில் அவரைக் கண்டதும் பாயை எடுத்துப் போட்டேன். உட்கார்ந்தார், தண்ணீர் குடித்தார், மழையைப் பற்றிப் பேசினார். கடைசியில், "என்னமோ சுமை தூக்குன கதை எழுதியிருக்கீகளாமே?" என்றார்.

"ஆமாம். உண்மைதான்" என்றேன்.

"தாது வருசத்துல மலையேறாத குடும்பம் இந்தப் பக்கம் எது வாத்தியாரே? எங்கய்யா ஏறலையா? நாங்களும் வெளிய சொல்றதில்ல, அம்புட்டுத்தான்" என்றார். "கல்லு வச்சாத்தான் தாலின்னு நின்ன வீட்டுல பொண்ணு எடுக்குறதுல எங்களுக்கு என்ன கொறைச்சல்? வைகாசியில முகூர்த்தம் வச்சிருக்கோம். அச்சாகி வந்த பெறகு எனக்கு ஒரு பொஸ்தகம் குடுங்க."

அவர் போனதும் பாண்டியம்மாளைக் கூப்பிட்டு எனக்கு இரண்டு செம்பு தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன்.

மே 25, வியாழன்

மொக்கம்மாள் கல்யாணம் சிலமலையில் நடந்தது. சித்தப்பா நேரில் வந்து அழைக்கவில்லை, ஆள் மூலம் வெற்றிலை பாக்கு அனுப்பியிருந்தார். "என் வீட்டுக் கல்யாணத்துக்கு எனக்கென்ன அழைப்பு" என்று ஆத்தா முதல் ஆளாக வண்டி ஏறிவிட்டாள்.

பந்தலில் சித்தப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் பந்தியில் யாரிடமோ உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது: "அந்தச் சுமைதாங்கி எங்க மூத்த மதினிக்கு வச்சது. என்னைய இடுப்புல வச்சுக்கிட்டு மலையேறுனவுக! எங்க குடும்பத்துப் பொம்பளைக அப்பிடி."

அடப்பாவி மனுசா! எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, ரசம் புரையேறிவிட்டது. ஆத்தாவைப் பார்த்தேன். அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். இலையை விட்டுத் தலை நிமிரவில்லை, ஆனால் இன்னொரு அப்பளம் கேட்டு வாங்கினாள்.

சாயங்காலம் ஒரு ஆள் வந்து, படம் போடுகிற பக்கத்தில் இன்னும் இடம் இருக்கிறதா என்று சித்தப்பா கேட்கச் சொன்னதாகச் சொன்னான். அச்சாகிவிட்டது என்று சொல்லி அனுப்பினேன்.

ஜூன் 13, செவ்வாய்

புத்தகம் வந்துவிட்டது!! மூட்டையைப் பிரித்து முதல் பிரதியை முகர்ந்து பார்த்தேன். மையும் பசையுமாக என்ன மணம்! அட்டையில் என் பெயர். 'போடிநாயக்கனூர் காசிராஜன் இயற்றியது.' பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போனேன், மூன்றாம் வகுப்பு முழுக்கக் கை தட்டிற்று. நான்தான் தட்டச் சொன்னேன்.

ஆத்தா அட்டையைத் தொடவில்லை. "அவ பேரு எங்க இருக்கு?" என்றாள். நூற்றிரண்டாம் பக்கத்தைத் திருப்பி விரலை வைத்துக் காட்டினேன். எழுத்தறியாதவள். ரொம்ப நேரம் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இம்புட்டுத்தானா? சின்னப் பேருதான்" என்றாள். அப்புறம் அவளாகவே அடுத்த பக்கத்தைத் திருப்பி, அதே மாதிரி இருந்த எழுத்துக்களைத் தேடிப் பிடித்து, "இங்கயும் அவதான?" என்றாள். ஆமாம் என்றேன்.

ஜூன் 18, ஞாயிறு

ஆத்தா விடியும்போதே கிளம்பிவிட்டாள். புத்தகத்தை ஒரு துண்டில் சுற்றிக் கையில் வைத்திருந்தாள். முந்தல் வரை வண்டி. அதற்கு மேல் கோவேறு கழுதை பேசி வைத்திருந்தேன். "அதுமேல நீ ஏறிக்க" என்று நடக்க ஆரம்பித்தாள். அறுபது வயசு. எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

சுமைதாங்கியில் மண்ணைத் துடைத்துப் புத்தகத்தை வைத்தாள். பூ வைக்கவில்லை, கும்பிடவில்லை. பக்கத்தில் நின்றாள், அவ்வளவுதான். நான் போய் அதை எடுக்கக் கையை நீட்டினேன். "இரு, அவ கொஞ்ச நேரம் வச்சிருக்கட்டும்" என்றாள்.

அப்போது கீழேயிருந்து அரிசி மூட்டையோடு ஒரு ஆள் ஏறி வந்தான். வியர்வை சொட்ட, கல்லுக்குப் பக்கத்தில் வந்து தயங்கி நின்றான். ஆத்தா சட்டென்று புத்தகத்தை எடுத்துவிட்டாள்.

"எறக்கு அப்பு, வெரசா எறக்கு. ஒனக்குத்தான் இது."

அவன் மூட்டையைத் தள்ளி வைத்துவிட்டு முகத்தைத் துடைத்தான். துண்டைப் பார்த்து, "என்ன ஆத்தா, பொஸ்தகமா?" என்றான்.

"ஆமா. எங்கக்கா கருத்தம்மா கதை. இந்தக் கல்லு அவளுது." என் பக்கம் பார்க்காமலே சொன்னாள்: "எம் மகன் எழுதுனது."

அந்த ஆள் என்னைப் பார்த்தான். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியாமல் மலையைப் பார்த்தேன்.

இறங்கும்போது பாதை வழுக்கியது. "கையப் பிடிச்சுக்க ஆத்தா" என்றேன்.

"எதுக்கு? களைச்சா போயிட்டேன்?" என்று எனக்கு முன்னால் இறங்கிப் போனாள். புத்தகத்தை என்னிடம் தரவில்லை.